வளைகுடாவுக்குப் போய் எழுத ஒரு பெலோஷிப்: ஏறாவூரிலிருந்து விண்ணப்பிக்கலாமா?

ஏறாவூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நான்கு வருடமாக ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருக்கிறார். மாதச் சம்பளம் கிடையாது, வெளியாகும் செய்திக்குத்தான் காசு. மத்திய கிழக்கைப் பற்றி எழுதும் ஊடகவியலாளர்களுக்கான பயிற்சிப் பெலோஷிப் ஒன்றின் அறிவித்தலைப் பார்த்திருக்கிறார். மூன்று வாரம் வகுப்பு, பத்து நாள் ஒரு வளைகுடா நாட்டில் களவேலை, திரும்பி வந்து இரண்டு கட்டுரை. "எங்கட சாச்சி பதினொரு வருஷம் குவைத்தில இருந்தவ. நான் கொழும்பைத் தாண்டிப் போனதில்ல. இங்கிலீசும் பெரிசா வராது. இதெல்லாம் கொழும்புக்காரங்களுக்குத்தானே சேர், நான் போட்டு என்ன பிரயோசனம்?" என்பது அவருடைய கேள்வி.

போடுங்கள், தங்கச்சி. முடிவுத் திகதி வரை இழுக்காமல் இந்தக் கிழமையே எழுதத் தொடங்குங்கள். மட்டக்களப்பில் முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். இப்படியான ஒரு பெலோஷிப்பில் ஒருமுறை நானும் போய் வந்தேன். பிறகு இரண்டு தடவை, விண்ணப்பங்களை வாசித்துத் தெரிவு செய்யும் மேசையிலும் உட்கார்ந்தேன். அந்த மூன்றையும் வைத்துத்தான் இந்தப் பதில்.

இந்த மாதிரித் திட்டங்களுக்கு ஒரு அச்சு உண்டு. பெரிய பத்திரிகைகள் வெளிநாடுகளில் வைத்திருந்த அலுவலகங்களை ஒவ்வொன்றாக மூடிய காலத்தில் அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை இவை. 1998இல் வாஷிங்டனில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'இன்டர்நஷனல் ரிப்போர்ட்டிங் புரொஜெக்ட்' என்று ஒன்று தொடங்கினார்கள். முதலில் அந்தப் பிராந்தியத்தைப் படி, பிறகு போய்ப் பார், வந்து எழுது. 2018இல் அது மூடப்பட்டது, ஆனால் அந்த ஒழுங்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் பார்த்த அறிவித்தலும் அதே ஒழுங்குதான்.

விண்ணப்பிக்கிற பலருடைய கண் பத்து நாள் பயணத்தில்தான் இருக்கும். என் கண் அந்த மூன்று வார வகுப்பில். காரணத்தைச் சொல்ல நான் கல்முனைக்குப் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். கல்முனை ஆஸ்பத்திரியில் அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவதாக ஒரு கைக்குழந்தை பதியப்பட்டது. பெயர் தெரியாத பிள்ளைக்கு அந்த இலக்கமே பெயராகிவிட்டது. சில நாட்களில் 'ஒன்பது தாய்மார் ஒரே பிள்ளைக்கு உரிமை கோருகிறார்கள்' என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. நான் அந்த நாட்களில் ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழுவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு திரிந்தேன். "மற்ற எட்டுத் தாய்மாரிடமும் கூட்டிப்போ" என்றார்கள். வார்டில் விசாரித்தேன். வந்து பார்த்த பெண்கள் நிறையப் பேர். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த எந்தத் தாய்தான் அந்தத் தொட்டிலை எட்டிப் பார்க்காமல் போவாள்? பார்த்தார்கள், அழுதார்கள், போய்விட்டார்கள். சட்டப்படி உரிமை கோரி வந்தது ஒரேயொரு சோடி. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனையும் அவர்களுடைய பிள்ளைதான் என்று சொன்னது. ஒரு சோடிதான் என்று நான் அந்தக் குழுவிடம் திருத்தமாகச் சொன்னேன். அன்றிரவு 'ஒன்பது' என்றுதான் ஒளிபரப்பானது. உண்மை பிறகு வெளிவந்த போதும் அந்த ஒன்பது அழியவில்லை. இன்றைக்கும் சுனாமி நினைவுக் கட்டுரைகளில் அது தலைகாட்டுகிறது.

அந்தத் தொலைக்காட்சிக் குழுவினர் கெட்ட மனிதர்கள் இல்லை. எங்களோடு தரையில் படுத்தார்கள், சாப்பாட்டைப் பகிர்ந்தார்கள். அவர்களுக்கு எங்களைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதையே பார்த்தோம். அந்த ஈஸ்டர் தாக்குதல்களை வழிநடத்தியவரின் ஊர் காத்தான்குடி. காத்தான்குடி பிரதான வீதியில் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைப் படம் பிடித்துக்கொண்டு போய், அதையே ஊருக்கு எதிரான சாட்சியாக வைத்து எழுதினவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் சனம் என்ன நினைக்கிறது, யாருக்கு யார் எதிராக நின்றார்கள், எவ்வளவு முன்னரே எச்சரித்தார்கள் என்று விசாரிக்க மூன்று நாள் போதாது.

இப்போது நீங்கள் விமானம் ஏறினால், குவைத்துக்கோ சவூதிக்கோ நீங்கள்தான் அந்த வெளிநாட்டுக்காரர். 'அரபி வீடு', 'அரபு நாடு' என்று நாங்கள் ஊரில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. குவைத் 2015இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தது (68ஆம் இலக்கச் சட்டம்). ஒரு நாளைக்குக் கூடியது 12 மணித்தியாலம் வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அதில் இருக்கிறது. அடுத்த வருடம் ஆகக் குறைந்த சம்பளம் 60 தினார் என்று வைத்தார்கள். கட்டாரில் 2017இல் ஒரு சட்டம் வந்தது. 2021இல் தொடங்கிய ஆகக் குறைந்த சம்பள விதி அங்கே வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும். அதே 2021இல் சவூதி கொண்டுவந்த தொழில் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குரியது 20ஆம் இலக்க விசா, கம்பெனி வேலைக்குரியது 18. இந்த இரண்டு இலக்கத்துக்கும் இடையில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையே மாறும். எந்தச் சட்டம் அவளைத் தொடும், எந்த அலுவலகத்தில் முறைப்பாடு வைக்கலாம், வேலை மாறலாமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. கபீல் முறை, அதாவது வேலை கொடுப்பவரே விசாவுக்கும் பொறுப்பாளி என்ற முறை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமில்லை. இவற்றை வகுப்பில் கேளுங்கள். வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சட்டம் தெரிந்தால்தான் "ஓய்வு நாள் தரவில்லை" என்று ஒரு பெண் சொல்லும்போது, அது கொடுமை என்பதோடு சட்ட மீறலும் என்று உங்களால் எழுத முடியும்.

இனி உங்களுக்கு இருப்பதையும் கொழும்பு ஆங்கில நிருபருக்கு இல்லாததையும் சொல்கிறேன்.

ஓட்டமாவடியில் சவூதியிலிருந்து திரும்பி வந்த ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தேன். கூட வந்த ஒரு தொண்டு நிறுவன உத்தியோகத்தர் குறிப்பெடுத்தார். "மாமாக்குக் கோபம் வந்தா போனப் பறிச்சிருவா" என்றார் அந்தத் தாய். உத்தியோகத்தரின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். 'உறவினர் ஒருவர், மாமன் முறை, தொலைபேசியைப் பறித்தார்' என்று எழுதியிருந்தார். வளைகுடா வீடுகளில் வேலை செய்கிற பெண்கள் வீட்டு எசமானியை 'மாமா' என்றும் எசமானை 'பாபா' என்றும் கூப்பிடுவார்கள். அது அரபிச் சொல், எங்களுடைய மாமா இல்லை. 'பறிச்சிருவா' என்ற பெண்பால் முடிவைக் கவனித்திருந்தாலே பிடித்திருக்கலாம். அந்தக் கொப்பியிலிருந்து ஒரு அறிக்கை போயிருந்தால், கொழும்பிலோ ஜெனீவாவிலோ யாரோ ஒருவர், சொந்தக்காரனால் துன்புறுத்தப்பட்ட பெண் என்று வாசித்திருப்பார். சவூதி வீட்டுக்காரி அந்தக் கதையிலிருந்தே காணாமல் போயிருப்பா.

மூதூர் ரிசானா நபீக்கின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1988இல் பிறந்த பிள்ளையை 1982இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு செய்து 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். போன வேகத்திலேயே, அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்ற கேள்வி வழக்கு முழுக்க நின்றது. 2007இல் மரண தண்டனை, 2013 ஜனவரி 9இல் அது நிறைவேற்றம். ஒரு மூதூர்ப் பிள்ளை பயத்தில் என்ன சொல்லியிருக்கும், எந்தச் சொல்லால் சொல்லியிருக்கும் என்று கேட்டவுடன் விளங்குகிற ஒரு ஆள் அந்த அறையில் இருந்தாரா? இந்த வேலையில் மொழிக்கு எவ்வளவு பாரம் என்று என் மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் எனக்குக் குரல் அடைக்கும்.

அந்த மொழி உங்களிடம் இருக்கிறது. உங்கள் சாச்சியிடம் இன்னொன்றும் இருக்கிறது. மௌலவிமார் படித்த அரபி ஏட்டு அரபி. சாச்சிக்குத் தெரிந்தது குவைத் சமையலறையின் அரபி. திட்டுகிற சொல், கெஞ்சுகிற சொல், சம்பளத்தைப் பிந்திக் கொடுக்கச் சொல்லும் சாக்கு எல்லாம் அவருக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகமும் உங்களுக்கு அதைச் சொல்லித்தராது. ஒரு கொப்பியை வாங்கி, ஒரு மாதம் சாச்சியோடு இருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நான் விட்ட பிழை. இதை நீங்களும் விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பெலோஷிப்பில் போன நகரத்தில், அம்பாறை மாவட்டத்துப் பெண் ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை சந்தித்தேன். பெயரை மாற்றித்தான் எழுதினேன். முகப்படமும் போடவில்லை. ஆனால் அவருடைய ஊர், மூன்று பெண் பிள்ளைகள், ஆறு வருடமாக ஒரே வீட்டில் வேலை, அந்த வீட்டில் நடமாட முடியாத ஒரு பாட்டி என்று எல்லாவற்றையும் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். தமிழில்தானே எழுதுகிறோம், அங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த வீட்டின் சாரதி எங்களுடைய நாட்டு ஆள். போனில் ஊர்ச் செய்தி பார்ப்பவர். வாசித்தவுடன் ஆள் யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்காரருக்குக் கதை போனது. அந்தப் பெண்ணின் போனைப் பறித்து இரண்டு மாதம் ஊரோடு பேச விடவில்லை. பிள்ளைகள் என்னிடம் வந்து "அம்மாட சத்தத்தக் கேட்டு ரெண்டு மாசம் சேர்" என்றபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர் பிறகு நலமாகத் திரும்பி வந்தார், என்னை மன்னித்தும் விட்டார். ஆனால் அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதத்தை நான் இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை.

வளைகுடாவில் தையற்காரர், சாரதி, கடைப் பொடியன் என்று தமிழ் வாசிக்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பெயரை மாற்றுவது போதாது. ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வருடங்களையும் மங்கலாக்குங்கள். எழுதியதைப் பிரசுரத்துக்கு முன் அவருடைய குடும்பத்துக்கு வாசித்துக் காட்டி, இதைவைத்து யாராவது கண்டுபிடிப்பார்களா என்று கேளுங்கள். அவர் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாரென்றால், வெளியே வரும்வரை கட்டுரையைப் பிடித்து வைக்கவும் தயாராக இருங்கள். இதைப் பெலோஷிப் ஒழுங்கமைப்பாளர்களிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லி வையுங்கள். நல்ல ஒழுங்கமைப்பாளர் கட்டாயம் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாதவரோடு போகவேண்டாம்.

உங்கள் பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2015இல் கட்டார் அரசாங்கமே தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்க்க அழைத்த பிபிசி குழு அங்கே கைது செய்யப்பட்டது. 2021 நவம்பரில் நோர்வே அரச ஒளிபரப்பின் இரண்டு பேரை அதே நாட்டில் 30 மணித்தியாலத்துக்கு மேல் தடுத்து வைத்தார்கள். அவர்களுக்காகப் பேசப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் இருந்தன. அதே ஆண்டில் கட்டாரில் காவலாளியாக வேலை செய்துகொண்டே தொழிலாளர் வாழ்க்கையை எழுதிய கென்ய இளைஞர் மல்கம் பிடாலி வாரக்கணக்கில் உள்ளே இருந்தார். நிருபர் ஊருக்குத் திரும்பிவிடுவார், தொழிலாளி அங்கேதான் இருக்கப்போகிறார். சுற்றுலா விசாவில் போய் ரகசியமாகப் படம் எடுக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். எந்த விசாவில் போகிறீர்கள், பிடிபட்டால் யார் தொலைபேசி எடுப்பார்கள், சட்டத்தரணி யார், காப்புறுதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதைக் கேட்கிற விண்ணப்பதாரர் பயந்தவர் என்று எந்த மேசையிலும் நாங்கள் நினைத்ததில்லை. வேலை தெரிந்தவர் என்றுதான் நினைத்தோம்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறிவித்தலில் 'ஆங்கிலத்தில் வகுப்பைப் பின்தொடரக் கூடியவர்' என்றால், கேட்டு விளங்கினால் போதும் என்றுதான் அர்த்தம். விண்ணப்பத்தை நீங்களே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், தெரிந்த ஒருவர் பிழை திருத்தட்டும். காசு கொடுத்து அலங்கார ஆங்கிலத்தில் எழுதுவிக்க வேண்டாம். நேர்முகத்தில் இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். உங்கள் தமிழ்ச் செய்திகளில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் சாரத்தை ஆங்கிலத்தில் சேர்த்து அனுப்புங்கள். திறப்பு விழாச் செய்திகள் வேண்டாம். நீங்கள் நடந்து திரிந்து, நாலு பேரிடம் கேட்டு, ஒரு ஆவணத்தைப் புரட்டி எழுதியவையாக இருக்கட்டும்.

விண்ணப்பத்தின் உயிர், என்ன கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்று சொல்கிற பந்தியில் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள புலிட்சர் சென்டர் பயணச் செலவுக்கு உதவி கொடுக்கும்போது அந்த விளக்கத்தை 250 சொற்களுக்குள் கேட்கும். மற்றவர்களும் ஏறக்குறைய அந்த அளவில்தான் கேட்பார்கள். மேசையில் நான் வாசித்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கின: 'மத்திய கிழக்கில் எமது பணிப்பெண்கள் படும் துயரங்களை வெளிக்கொணர விரும்புகிறேன்.' அந்த வசனத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் யாரையும் தெரிவு செய்ய முடியாது.

ஏறாவூரில் இருந்தே உங்களால் வேறு மாதிரி எழுத முடியும். ஓட்டமாவடியில் நான் சொன்ன அந்தத் தாய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், ரப்பர் பட்டி போட்டு வருடவாரியாக. முதல் இரண்டு வருடம் மாதம் தவறாமல் ஒன்று. பிறகு நான்கு மாதம் எதுவும் இல்லை. அதன்பின் ஒரேயடியாக ஒரு பெரிய தொகை. அந்த நான்கு மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். கதை முழுக்க அங்கேதான் இருந்தது. சம்பளத்தைப் பிடித்துவைத்த வீடு, தூதரகத்துக்கு ஓடிப்போனது, அங்கே பாதுகாப்பு இல்லத்தில் படுத்த நாட்கள், பேசித் தீர்த்து வாங்கிய காசு. உங்கள் சாச்சியும் ரசீது வைத்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரரும் வைத்திருப்பார்.

அந்த வீடுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2013இல், வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்கள் கொடுக்க வேண்டிய குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றார்கள். 2022இல் அதைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட வருடங்களில் எத்தனையோ பேர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், உப முகவர் பிடித்துக் கொடுத்த விசிட் விசாவில் போனார்கள். ஆகவே உங்கள் பந்தி இப்படி இருக்கலாம்: 'ஒரே ஒழுங்கையில் இருந்து குவைத் போன நான்கு பெண்களில் இருவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள், இருவர் பதியாமல் போனவர்கள். சம்பளம் நின்றபோது யாருக்கு எந்தக் கதவு திறந்தது? ஏறாவூரில் ரசீதுகளையும் ஒப்பந்தங்களையும் பார்த்துவிட்டேன். குவைத்தில் தூதரகத்தின் தொழில் பிரிவையும், அங்கே முறைப்பாடு தீர்க்கும் அலுவலகத்தையும் பார்க்க வேண்டும்.' வாசிக்கிறவருக்கு உடனே மூன்று விடயம் விளங்கும்: இவர் வேலையைத் தொடங்கிவிட்டார், ஏன் போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறார், பத்து நாளில் முடிக்கக் கூடிய அளவுக்கு வெட்டியிருக்கிறார். உண்மையில் அந்த நான்கு வீட்டுக்கும் போய்விட்டு எழுதுங்கள். நான் எழுதியதை அப்படியே போடவேண்டாம், உங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் என்று நீங்கள்தான் எண்ண வேண்டும்.

ஆசிரியரின் கடிதம் ஒன்று கேட்பார்கள், கட்டுரையைப் பிரசுரிப்போம் என்று. பிரதேச நிருபர்களுக்கு அதை வாங்குவது பல்லைப் பிடுங்குகிற மாதிரி. கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து, கையெழுத்து மட்டும் வைக்கிற மாதிரி அனுப்புங்கள். செலவுக் கணக்கில் உங்கள் நாட்கூலியையும் சேருங்கள். பதின்மூன்று பதினான்கு வருட அனுபவக்காரர் கூட அதை விட்டுவிட்டு, திரும்பி வந்து கடன்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் நீங்கள் செய்தி அனுப்பாவிட்டால் அந்தப் பத்து நாள் வருமானம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இம்முறை கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். 25க்கும் 35க்கும் இடைப்பட்ட, வளரும் நாடுகளின் ஊடகவியலாளர்களை நியூயோர்க்குக்கு அழைத்து, ஐக்கிய நாடுகள் பொதுச்சபையைப் பற்றி எழுத வைக்கிற டாக் ஹமர்ஷோல்ட் நிதியம் இருக்கிறது. ஹொனலுலுவில் கிழக்கு–மேற்கு மையம் 1967இல் தொடங்கிய ஜெபர்சன் பெலோஷிப்பையும் விசாரித்துப் பாருங்கள். ஒக்ஸ்போர்ட்டில் ரொய்ட்டர்ஸ் நிறுவகத்தின் திட்டம் 1983இல் தொடங்கியது, அதற்கு இன்னும் சில வருட அனுபவம் சேரட்டும். இந்த முறை எழுதிய பந்தியும் சேர்த்த மூன்று செய்தியும் அங்கேயும் உதவும்.

கிடைத்துப் போய் வந்தால், கட்டுரையை அந்த நான்கு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி. அடுத்ததாகப் போகவிருக்கிற பெண் முதலில் வந்து நிற்பது அவருடைய மேசைக்கு முன்னால்தான்.

இப்போதைக்கு, இன்றிரவே சாச்சியிடம் அந்த ரசீதுகள் எங்கே என்று கேளுங்கள். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஞாயிறு பின்னேரங்களில் நான் கல்லடியில் வீட்டில்தான் இருப்பேன், கொண்டுவந்தாலும் சரி, இருந்து வாசிப்போம்.